லீவு கேட்டவருக்கு இரண்டு விசில்

அண்ணே,

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில், அடுத்த நடைக்கு மாற்று டிரைவர் வர முக்கால் மணி நேரம் இருக்கும்போது, பழைய ட்ரிப் ஷீட்டின் முதுகில் இதை எழுதுகிறேன். என் மேலெல்லாம் ஒரு நாற்றம். நேற்று தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து ஆளுக்கொரு சின்னக் குப்பி கொடுத்தார்கள். ஊதா மூடி. லாவண்டர் எண்ணெயாம். மனசு பாரமாக இருக்கும்போது ரெண்டு சொட்டைக் கைக்குட்டையில் விட்டு மோந்தால் பாரம் இறங்கிவிடுமாம். அந்தச் சனியன் என் பைக்குள் மூடி கழன்று கொட்டி, டிக்கெட் மெஷின், சாப்பாட்டு டப்பா, விசில் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. இன்று காலை விசிலை வாயில் வைத்ததும் ஊதுபத்தியைக் கடித்த மாதிரி இருந்தது. துப்பினேன். அப்போது உங்கள் கழுத்தில் எப்போதும் மணக்கும் நீலகிரித் தைலம் ஞாபகத்துக்கு வந்தது.

ஒன்பது வருடம் உங்கள் வண்டியில் கண்டக்டராக இருந்தேன். ஏறியதும் அந்தத் தைல வாசம் முதலில் வரும். அதற்குப் பிறகு டீசல். காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களிலிருந்து வேலை முடிந்து ஏறுகிற பெண்களின் சேலையில் திராட்சைக்கு அடித்த மருந்து. இத்தனையையும் மோந்துகொண்டு ஓடினோம். யாரும் குப்பி கொடுக்கவில்லை.

நேற்றைய கூத்தின் பெயரைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். 'களப்பணியாளர் மன உறுதி மற்றும் நலவாழ்வு மேம்பாட்டு முகாம்.' ஜனங்களுக்கு நேராக நின்று வேலை பார்க்கிற அரசு ஊழியனுக்கு மனசு சீக்கிரம் களைத்துப்போகிறது என்று மேலே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகா, என்ன கண்டுபிடிப்பு! அந்தக் களைப்பைப் போக்க அவர்கள் பொறுக்கி எடுத்த நாள் எது தெரியுமா? எங்கள் வார ஓய்வு நாள். வராதவர்களுக்கு ஆப்சென்ட் என்று பணிமனை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. முந்தின நாள் டபுள் டூட்டி பார்த்தவன் வீட்டில் கால் நீட்டாமல், குளித்துச் சவரம் செய்து, மன அமைதி பெறுவதற்காகக் காலை எட்டரைக்குத் தேனியில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டான்.

பயிற்சி கொடுக்க வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். கன்னத்தோடு ஒட்டின மைக். ஏறினதும் "ஹலோ ஹீரோஸ்!" என்றார். யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு. ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்து, கோபம் வந்தால் அமுக்கச் சொன்னார். என் பக்கத்திலிருந்த பெரியகுளத்துக்காரர் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பழைய லாரி ஆரன் மாதிரி இருக்கு, சத்தந்தான் வரல," என்றார். அப்புறம் பயிற்சிக்காரர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். கடற்கரையில் நடப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து மலையையே பார்த்து வளர்ந்தவன் கடலுக்கு எங்கே போவான்? ஐந்து நிமிடத்தில் பாதி மண்டபம் குறட்டை விட்டது. டபுள் டூட்டிக்காரன் கண்ணை மூடினால் வேறென்ன நடக்கும்! அந்த மனிதர் குரலைத் தணித்து, "பாருங்க, எவ்ளோ ரிலாக்ஸ் ஆயிட்டாங்க," என்று முன்வரிசை அதிகாரிகளிடம் பெருமைப்பட்டார். அவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தர் போட்டோ எடுத்தார்.

ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார்கள். தினம் எட்டு மணி நேரம் தூங்க வேண்டும், அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அதில் பூப்போட்டு எழுதியிருக்கிறது. ரூட்டில் எங்கே ஒன்றுக்குப் போவது என்று யோசித்து நீங்கள் மத்தியானம் வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டினது இந்தப் புத்தகம் எழுதினவருக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு பந்து கொடுத்திருப்பார்.

இதெல்லாம் வழக்கமான கூத்து என்று நானும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேடையில் உங்கள் படம் இல்லாமல் இருந்திருந்தால்.

ஆமாண்ணே, நீங்கள்தான். பத்தடிக்கு பிளக்ஸ். அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, மீசையைக் கருப்படித்து, பின்னால் ஒரு சூரியனைப் போட்டு, கீழே 'மன வலிமையின் மறுபெயர்' என்று எழுதியிருந்தார்கள். முன்வரிசையில் மதினியை உட்கார வைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தவாம். உங்கள் வீட்டுக்காரியை அந்தப் படத்துக்கு நேர் எதிரே, ஏசி காற்று மூஞ்சியில் அடிக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதினி உங்கள் படத்தை ஏன் பார்க்கவில்லை என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றேகால் வருடமாக உங்கள்மேல் அவர்களுக்கு ஆத்திரம். எங்கே பார்த்தாலும் என்னிடம் அதே பேச்சு. "ஏப்பா, ஒரு வார்த்த வாயத் தொறந்து லீவு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டாகளா? ஆஸ்பத்திரிக்குப் போங்க போங்கன்னு நாலு நாளா கரையா கரஞ்சேன். அந்த மனுசனுக்கு வண்டிதான் பெருசாப் போச்சு. நானும் பிள்ளைகளும் என்னத்துக்கு ஆவோம்னு நெனைக்கலியே!" இதைக் கேட்டுக்கொண்டு நான் தலையைக் குனிந்து நிற்பேன். பதில் என் வாய்க்குள்ளேயே இருந்தது. சொல்லவில்லை. கேடுகெட்ட வாய்.

நீங்கள் கேட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

திங்கள்கிழமை காலையில் டூட்டி போடுகிறவர் மேசைக்கு முன்னால் போய் நின்று, "சார், ஒரே ஒரு நாளு குடுங்க. இடது கையி தோள்பட்டையிலருந்து இழுக்குது. ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துர்றேன்," என்றீர்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கியரு போட்டா கை வலிக்கத்தான்யா செய்யும். ஆளு இல்ல. நாளைக்குப் பாப்பம்," என்றார். செவ்வாய்க்கிழமை மறுபடி போய், "நாளைக்குன்னு சொன்னீகளே சார்," என்றீர்கள். "ஆமா, நாளைக்குத்தான்," என்றார் அந்த மகராசன். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். புதன்கிழமை நீங்கள் லீவு லெட்டராகவே எழுதிக் கொண்டுபோனீர்கள். அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

மூன்று மாதமாகப் பழுதுப் புத்தகத்தில் 'கியர் விழ மறுக்கிறது, கிளச் கடினம்' என்று நீங்கள் எழுதி வந்ததும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'சரி செய்யப்பட்டது' என்று பச்சை மையில் பதில் இருக்கும். வண்டிக்குள் எட்டிப் பார்க்காமலே சரி செய்கிற கெட்டிக்காரர்கள் நம் பணிமனையில் இருந்தார்கள். அதனால் கை வலியைக் கியர் வலி என்று அவர் சொன்னதும், நீங்களே பாதி நம்பிவிட்டீர்கள்.

நான் என்ன செய்தேன்? மேசையைத் தட்டினேனா, சங்கத்தில் போய்ச் சொன்னேனா? "விடுங்கண்ணே, வெள்ளிக்கெழம வார ஓய்வு வருதுல்ல, போயிக்கலாம்," என்றேன். எனக்கு வேறு டிரைவரைப் போட்டுவிட்டால் ரூட் மாறிவிடுமே என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. என் வீட்டு வாசலிலேயே இறங்குகிற ரூட். அந்தச் சுகத்துக்காகச் சொன்னேன். அந்த மேசைக்காரனைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுங்கள் என்றும் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்கள், "நாம நின்னா ரூட்டே கட்டாயிரும்லப்பா. காலேஜிப் பிள்ளைக வெயில்ல நிக்கும்," என்றீர்கள். உங்கள்மேலும் எனக்குக் கோபம்தான் அண்ணே. செத்தவர் என்பதால் விட்டுவிட முடியாது. காலேஜுப் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் போயிருக்கும்! கடைசியில் இன்னொன்றும் சொன்னீர்கள். "லீவு கேட்டு இல்லேன்னுட்டாகன்னு உங்க மதினிகிட்ட சொல்லிராத. கெளம்பி டிப்போவுக்கே வந்துருவா, மானம் போயிரும்." அதனால் அவர்களிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகும் சொல்லவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நீங்கள் பெண்டாட்டி பிள்ளைகளை நினைக்காத மனிதர் என்ற பேரை வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லுமுன் காமயகவுண்டன்பட்டித் திருவிழாவைச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். கையில் டீ. தெருவில் பலூன்காரர் பிளாஸ்டிக் விசிலை விற்பதற்காக ரெண்டு ஊது ஊதினார். உங்கள் இடது கால் தரையை அமுக்கியது, இடது கை டீயோடு முன்னால் நகர்ந்து கியரைத் தேடியது. வேட்டியெல்லாம் டீ. அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீங்களும்தான். "ஏலே, நான் எங்க மிதிக்கிறேன்? ஒரு விசிலுக்கு பிரேக்கு, ரெண்டு விசிலுக்கு கிளச்சு. காலு தானா போகுது. மண்டைக்குச் சேதி வர்றதுக்குள்ள காலு போயிருது," என்றீர்கள். மதினி வேட்டியைத் துடைக்கத் துண்டை வீசிவிட்டு, "இவுகளுக்கு ரெண்டு விசிலு குடுத்தா பாடையில கெடந்தாலும் எந்திரிச்சு வண்டிய எடுத்துருவாக!" என்றார்கள். அதற்கும் சிரித்தோம்.

வியாழக்கிழமை காலை. இரண்டாவது நடை, காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பத்துக்கு. வண்டி நிறைய ஆள். நான் பின்படிக்குப் பக்கத்தில் நசுங்கிக்கொண்டு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். திராட்சைப் பந்தல் ஓரமாக, ஸ்டாப் இல்லாத இடத்தில், நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். நான் விசில் கொடுக்காமல் நீங்களாக நிறுத்தினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும், தோட்டத்திலிருந்து எவளாவது ஒருத்தி கூடையோடு ஓடி வருவாள். நான் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஐந்து நிமிடம் லேட். கம்பத்தில் டைம் கீப்பர் மெமோவோடு உட்கார்ந்திருப்பார். முன்னால் கூட்டம், உங்கள் தலை தெரியவில்லை. "என்னத்துக்கு நிக்குது?" என்று பின்னால் ஒருத்தர் கேட்டார்.

இரண்டு விசில் கொடுத்தேன்.

கியர் விழுகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பியது. அண்ணே, வண்டி கிளம்பியது! ஒரு தென்னந்தோப்புத் தூரம் போயிருக்கும். மெதுவாக இடது ஓரம் ஒதுங்கி, நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கிற சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகுதான் முன்னால் பெண்கள் கத்தினார்கள். நான் ஆள்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தேன். ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தீர்கள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "கேட்டுச்சுப்பா... விசிலு கேட்டுச்சு," என்றீர்கள். தாமதமாக எடுத்ததற்கு என்னிடம் சமாதானம் சொல்கிற மாதிரி. பின்னால் வந்த திராட்சைப் பெட்டி டெம்போவில் ஏற்றினோம். கம்பம் போவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் பேப்பரில் நீங்கள் தியாகி. 'நெஞ்சுவலியிலும் பேருந்தை ஓரம் கட்டிப் பயணிகளைக் காப்பாற்றிய ஓட்டுநர்.' ஒரு நிருபர் என்னிடம், "கடைசி நேரத்திலயும் கடமைதான் நினைச்சாரு, இல்லையா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கிளை மேலாளர் என்னை உட்கார வைத்து வாக்குமூலம் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். 'உடல்நலக் குறைவு பற்றி ஓட்டுநர் முன்கூட்டி எவரிடமும் தெரிவிக்கவில்லை.' 'வண்டியைத் தாமாகவே ஓரமாக நிறுத்தினார்.' முதல் வரி சுத்தப் பொய். இரண்டாவது வரி அதைவிடக் கேவலம், உண்மையை வைத்தே செய்த பொய். நீங்கள் முதலில் நிறுத்தியது அதில் இல்லை. என் விசிலும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த காபியையும் குடித்தேன். தூ!

இப்போது நேற்றைக்கு வருகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பயிற்சிக்காரர் உங்கள் கதையை எடுத்தார். விளக்கை அணைத்து, சோகமாக ஒரு வயலின் போட்டு, நீங்கள் வலியை எப்படி வென்றீர்கள் என்று தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்த மாதிரி சொன்னார். விளக்கு வந்ததும் நம் பணிமனையின் புது டிரைவர் எழுந்தான். சின்னமனூர்த் தம்பி, இப்போது என் வண்டியை ஓட்டுகிறவன். கைக்குழந்தைக்காரன். "சார், எனக்கு ரெண்டு வாரமா அடிக்கடி தல சுத்துது. லீவு கேட்டா ஆளு இல்லேன்றாக. அதுக்கு என்ன செய்யிறது?" என்றான். ஆறு மணி நேரக் கூத்தில் உருப்படியாக எழுந்த ஒரே கேள்வி அது.

பயிற்சிக்காரர் சிரித்தார். பத்தடிப் படத்தின் பக்கம் கையை நீட்டி, "இவரைப் பாருங்க பிரதர். இவ்ளோ வலியிலயும் இவரு லீவு கேட்டாரா?" என்றார். மண்டபம் கைதட்டியது. நம் ஆள்கள்தான் அண்ணே, லீவு கேட்டு இல்லை என்று கேட்டுக்கேட்டுக் காது புளித்த அதே ஆள்கள் கைதட்டினார்கள். சின்னமனூர்த் தம்பி உட்கார்ந்துவிட்டான். மதினி அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து உங்கள் படத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். உங்களை எரித்துவிடுகிற பார்வை.

"கேட்டாக," என்றேன்.

உட்கார்ந்தபடிதான் சொன்னேன். பயிற்சிக்காரர், "யாருங்க அது?" என்றார். எழுந்து நின்றேன். அந்த மஞ்சள் பந்து கையில் இருந்தது, அதை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், வெட்கக்கேடு. கீழே போட்டேன்.

"மூணு நாளு கேட்டாக. திங்க, செவ்வா, புதன். எழுதியே குடுத்தாக. லெட்டரு மேல டீ கிளாஸ வச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அவுக வண்டிய நிப்பாட்டுனது ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. மொதத் தடவ முடியாமத்தான் நிப்பாட்டிருக்காக. நான் மூஞ்சியப் பாக்காம ரெண்டு விசிலு குடுத்தேன். அதுக்குத்தான் எடுத்தாக. நீங்க சொல்ற மன வலிமை என் விசிலு சார், வேற ஒண்ணுமில்ல."

கிளை மேலாளர் எழுந்து, "அவங்க வீட்டம்மா முன்னாடி இப்படியா பேசுறது? உக்காருய்யா!" என்றார். அப்போதும் அவருக்கு மதினியின் மனசு பற்றித்தான் கவலை பாருங்கள், என்ன ஒரு நல்ல உள்ளம். பயிற்சிக்காரர் மைக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, நாம் எல்லோரும் இப்போது ஆழமாக ஒரு மூச்சு எடுப்போம் என்றார். சத்தியமாகச் சொன்னார்.

மதினி எழுந்தார்கள். பொன்னாடையை அதற்கு முன்னமே போர்த்திவிட்டிருந்தார்கள். அதை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே நடந்தார்கள். ஒரு அதிகாரி அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "அம்மா, இது உங்களுக்கு..." மதினி திரும்பி நின்று, "அத அந்தப் படத்துக்குப் போத்துங்க. படந்தான லீவு கேக்கல," என்றார்கள்.

நான் பஸ் ஸ்டாப்பில்தான் அவர்களைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்க்கவே இல்லை. கம்பம் போகிற வண்டி ஒன்று கூட்டமாக வந்தது. ஏறாமல் விட்டார்கள்.

"மூணு நாளுமா கேட்டாக?" என்றார்கள்.

"மூணு நாளும் மதினி. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாக."

"அய்யோ, நான் பாவி, நித்தமும் அந்தப் போட்டோவப் பாத்து வைஞ்சிக்கிட்டுல்ல கெடந்தேன்! எங்கள நெனைக்கலியே நெனைக்கலியேன்னு..." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். உங்கள் காரியத்தன்று அழாத அழுகை. அன்றைக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வரவில்லை என்று பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றேன். நிற்பது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

அடுத்த வண்டி தூரத்தில் வந்தது. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "நீ அவுக மூஞ்சியப் பாத்திருந்தா ஊதிருக்க மாட்ட," என்றார்கள்.

"மாட்டேன் மதினி."

"அப்ப இனிமேப் பாத்து ஊது."

அவ்வளவுதான். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

மண்டபத்தில் பேசியதற்கு இன்று காலையே விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்துவிட்டது. 'பயிற்சியின் நோக்கத்துக்கு ஊறு விளைவித்தல்.' அடேயப்பா! லீவு லெட்டரைப் பார்க்க மூன்று நாள் போதாத ஆபீஸ், இதை ஒரே ராத்திரியில் டைப் அடித்துக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறது. பதில் எழுத ஏழு நாள் கொடுத்திருக்கிறார்கள். வாக்குமூலத்தின் இரண்டு வரியையும் திருத்தி எழுதப்போகிறேன். ரூட்டை மாற்றுவார்கள். மாற்றட்டும்.

இன்று காலை இரண்டாவது நடை. அதே திராட்சைப் பந்தல். சின்னமனூர்த் தம்பி வண்டியை நிறுத்தினான். நான் விசில் கொடுக்கவில்லை, ஓடி வருகிற ஆளும் இல்லை. லாவண்டர் நாறுகிற விசில் என் கையில்தான் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். கண்ணை மூடி சீட்டில் சாய்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"தம்பி, போவமா?" என்றேன்.

"இல்லண்ணே. ஒரு நிமிசம்."

பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். "ஏலே கண்டக்டரு, விசில ஊதுய்யா! வேலைக்குப் போகணும்ல!" காலேஜுப் பிள்ளைகள் மணி பார்த்தார்கள். ஒருவர் படியைத் தட்டினார். கம்பத்தில் டைம் கீப்பர் அதே மெமோவோடு உட்கார்ந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டு, பட்டனையும் மாட்டினேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னேன்: "டிரைவருக்கு முடியல. வண்டி போகாது. எறங்குங்க."